வானில் எஞ்சின் தளர்ந்தால்

ஒரே எஞ்சின் உடைய சிறு விமானம் வானில் செல்லும்போது அந்த எஞ்சின் நின்றுவிட்டால் என்ன நேரும்? விமானம் கல்லைப்போல் நேரே கீழே விழும் என்றே பலரும் எண்ணுவர். உண்மை அஃதன்று. விமானத்தைத் தாங்குவது எஞ்சின் அன்று, இறக்கையே. இறக்கையை ஒட்டிப் போதிய வேகத்துடன் காற்று ஓடிக்கொண்டிருக்கும் வரை விமானம் சறுக்கிச் செல்லும். இதுகாறும் எஞ்சின் தந்த வேகத்தை இனி உயரத்தைச் செலவிட்டுப் பெறவேண்டும், அவ்வளவே வேறுபாடு.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். 1956ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த செஸ்னா 172 நால்வர் அமரக்கூடிய சிறு விமானம். உலகில் மிகுதியாகக் கட்டப்பட்ட விமான வகை இதுவே. 3,000 அடி உயரத்தில் இதன் எஞ்சின் நின்றுவிட்டதாகக் கொள்வோம். மணிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் வேகத்தைக் காத்துக்கொண்டால், காற்று அமைதியாக உள்ளபோது அது 8 கிலோமீட்டர் வரை சறுக்கிச் செல்லும். தரையை அடைய ஏறத்தாழ 4 நிமிடங்கள் ஆகும். அந்த 4 நிமிடங்களில் எதனை முன்னும் எதனைப் பின்னும் செய்வது என்பதே விமானி கற்கவேண்டிய பாடம்.

முதற்கடமை, விமானத்தின் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பதாகும். மனித இயல்போ இதற்கு மாறானது. கீழே இறங்குகிறோமே என்ற அச்சத்தில் கை தானாகவே மூக்கை உயர்த்த முற்படும். அங்ஙனம் உயர்த்தினால் வேகம் குன்றும். இறக்கையின் மேற்புறத்தை ஒட்டி ஓடிய காற்று பிரிந்து சிதறும். தாங்கும் ஆற்றல் குறையும். விமானம் உண்மையில் விழுவது அப்போதுதான்.

இரண்டாவது, இறங்குவதற்கேற்ற வெளியை உடனே தேர்ந்து அதனை நோக்கித் திரும்புதல். மூன்றாவதே காரணத்தைத் தேடுதல். பெட்ரோல் ஒரு தொட்டியில் தீர்ந்து மற்றொன்றில் எஞ்சியிருக்கலாம். தொட்டியை மாற்றினால் எஞ்சின் உயிர்பெறும். தீப்பொறி தரும் மாக்னெட்டோக்கள் இரண்டு இருத்தலின், ஒன்று பழுதுற்றாலும் மற்றொன்றைக் கொண்டு பறக்கலாம். ஆயினும் இத்தேடலில் காலந் தாழ்த்தாது முதலில் நினைக்கத்தக்கது கார்ப்புரேட்டரில் உறையும் பனிக்கட்டியாகும்.

வெப்ப நாட்டிலும் பனிக்கட்டியா என்று வியக்கலாம். உள்ளங்கையில் ஒரு துளி பெட்ரோல் பட்டால் சில்லென்று இருக்கும். அஃது ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்வதே காரணம். கார்ப்புரேட்டரின் குறுகிய கழுத்தில் பெட்ரோல் ஆவியாகிறது. காற்றின் அழுத்தமும் தாழ்கிறது. இவ்விரண்டாலும் வெப்பநிலை 30 பாகை செல்சியசுக்கு மேலும் இறங்கக்கூடும். காற்றிலுள்ள ஈரம் அங்கே பனியாக உறைந்து வழியை அடைக்கிறது. குளிர்ந்த ஈரக் காற்றில் இவ்விடர் மிகுதி. எனினும் வெளியே 38 பாகை வெப்பம் உள்ளபோதும் இது நேரக்கூடும். மலேசியா, சிங்கப்பூர் போன்ற ஈரம் மிக்க நாடுகளில் பறப்போரும் இதனை மறத்தலாகாது.

இதற்கு மருந்து, விமானி முன்னுள்ள வெப்பக் குமிழை முழுதும் இழுத்தல். எஞ்சினின் புகைக்குழாயைச் சுற்றிச் சூடேறிய காற்று உட்புகுந்து பனியை உருக்கும். எஞ்சின் நின்றபின் புகைக்குழாய் விரைவில் ஆறிவிடும். ஆதலின் சுழற்சி குறையும் முதல் அறிகுறியிலேயே இழுத்தல் வேண்டும்.

இங்கே ஒரு பெரும் பொறி உண்டு. குமிழை இழுத்தவுடன் உருகிய நீர் எஞ்சினுள் செல்வதால் அது முன்னினும் மிகுதியாகத் தடுமாறி அதிரும். தான் செய்தது தவறென்று எண்ணிப் பழகாத விமானி குமிழை மீண்டும் உள்ளே தள்ளிவிடுவான். நோய் தீரத் தொடங்கிய வேளையில் மருந்தை நிறுத்தியதற்கு இஃது ஒப்பாகும். காரணம் அறிந்தவனோ பொறுத்திருப்பான். சிறிது நேரத்தில் எஞ்சின் சீர்பெறும். 1990களின் பிற்பகுதி முதல் கட்டப்படும் செஸ்னா 172 விமானங்களில் கார்ப்புரேட்டர் இல்லை. பெட்ரோலைப் பீய்ச்சும் அமைப்பே உள்ளது. ஆதலின் அவற்றில் இவ்வகை உறைவு இல்லை. ஆனால் பழைய விமானங்கள் பல இன்றும் பறக்கின்றன.

எஞ்சின் மீளவில்லையெனில், 'மேடே' என மும்முறை வானொலியில் கூறி, இருக்குமிடத்தை அறிவித்தல் வேண்டும். தரையை நெருங்குமுன் பெட்ரோலையும் மின்சாரத்தையும் நிறுத்தி, கதவின் தாழை நீக்கிவிட வேண்டும். நீக்காவிடில், தரையில் மோதி நெளிந்த கதவு திறவாது போகலாம்.

தரைவிட்டுச் சில நூறு அடிகளே ஏறியபோது எஞ்சின் நின்றால் நிலைமை வேறு. பின்னாலுள்ள ஓடுபாதைக்குத் திரும்ப மனம் விழையும். ஆனால் சாய்ந்து திரும்புகையில் உயரமும் வேகமும் விரைந்து கரையும். திரும்பி முடிக்குமுன்பே விழுந்து இறந்தோர் பலர். ஏறத்தாழ நேர் எதிரே கிடைத்த வெளியில் இறங்குவதே தக்கது. விமானம் சிதைந்தாலும், கட்டுக்குள் வைத்துத் தரை சேர்த்தால் உள்ளிருப்போர் பிழைக்க வழியுண்டு.

இவற்றையெல்லாம் ஆபத்து வந்தபின் கற்க இயலாது. ஆதலின்தான் பயிற்சிக் காலத்திலேயே ஆசிரியர் எஞ்சின் விசையை வேண்டுமென்றே குறைத்து, இவ்வரிசையை மாணவரிடம் மீண்டும் மீண்டும் செய்விக்கிறார். அஞ்சும்போது கை தவறானதையே நாடும். பழக்கம் ஒன்றே அக்கையைத் திருத்தும்.