தேய்கண்ணாடியும் பூதக்கண்ணாடியும்

விழாமலரொன்றிற்குக் கட்டுரை வேண்டுமென்று தமிழாசிரியரை அணுகுவோர், சங்க இலக்கியத்தைப் பற்றியோ சமயகுரவரைப் பற்றியோ ஏதேனும் எழுதித் தருவாரென்றே எதிர்பார்ப்பர். யாம் இம்முறை அவ்வழக்கினின்றும் விலகிக் கண்ணாடித் துண்டொன்றைப் பற்றி எழுத முற்படுகின்றோம். அதற்குக் காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்னர் உயர்தர வகுப்பு மாணவரின் குழுப்படத்தைப் பழைய முறையில் எடுக்க வேண்டுமென்று மாணவர்கள் விரும்பினர். அன்பர் ஒருவர் தந்த அரைப்பிளேட் மரக் கமராவொன்று எம்மிடம் இருந்தது. தோல்துருத்தியும் பித்தளைத் திருகுகளும் உடைய அக்கருவியின் பின்புறத்தில் தேய்கண்ணாடித் தகடொன்று உண்டு. கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, அத்தகட்டில் தலைகீழாக விழும் விம்பத்தைப் பார்த்து, அது தெளியும்வரை துருத்தியை நீட்டியுஞ் சுருக்கியுஞ் சரிசெய்தல் வேண்டும். யாம் வாசிப்புக் கண்ணாடியை அணிந்துகொண்டு முன்வரிசையைப் பார்த்தோம், தெளிவாகவே தோன்றிற்று. மழைமூட்டமான நாளாதலின் துவாரத்தை எஃப் 8 அளவில் வைத்துப் படத்தை எடுத்தோம்.

படத்தில் முன்வரிசையினரின் சப்பாத்து நாடாக்கள்கூட எண்ணத்தக்கனவாய் இருந்தன. மேல்வரிசை முகங்களோ நனைந்த தாளில் எழுதிய எழுத்துக்களைப் போலக் கரைந்திருந்தன. சிறிய பிரதியில் அக்குறை எவருக்கும் புலப்படவில்லை. ஈராண்டின் பின் அம்மேல்வரிசையில் நின்ற மாணவர் ஒருவர் காலமானார். கொட்டாஞ்சேனையில் வசித்த அவர்தம் அன்னையார், அப்படத்திலிருந்து மகனின் முகத்தை மட்டும் பெரிதாக்கித் தரவியலுமா என்று கேட்டு வந்தார். முயன்று பார்த்தோம். பெரிதாக்குந்தோறும் கண்கள் இரண்டும் இரு நிழல்களாயினவே தவிர முகம் கிடைக்கவில்லை.

பிழை எங்கே நேர்ந்தது என்பதைப் பின்னர்க் கணித்துப் பார்த்தோம். எமது வில்லையின் குவியத்தூரம் ஏறத்தாழ 21 சென்றிமீற்றர். 6 மீற்றர் தொலைவில் அமர்ந்தவருக்கும் 8 மீற்றர் தொலைவில் நின்றவருக்கும் அவ்வில்லை தெளிவான விம்பந் தரும் இடங்கள் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் வேறுபடும். முன்வரிசைக்கே சரிசெய்து எஃப் 8 இல் எடுத்தால், பின்வரிசையிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் கால் மில்லிமீற்றர் அகலமான வட்டமாக விரியும். தகட்டில் ஒரு முகத்தின் உயரம் 7 மில்லிமீற்றர் மட்டுமே; அதிற் கால் மில்லிமீற்றர் மங்கினால் கண்ணும் இமையும் எவ்வாறு எஞ்சும்? நல்ல பார்வையுடைய இளைஞர் 25 சென்றிமீற்றர் தொலைவிலிருந்து பத்திலொரு மில்லிமீற்றரையும் பிரித்தறிவர். நாற்பதைக் கடந்தவருக்கு அவ்வளவு அருகில் வைத்துப் பார்த்தலே அரிதாகிவிடுகின்றது. துணியின் இருளில், மங்கிய விம்பத்தில், எமது கண்ணை நம்பியதே குற்றம்.

மங்கலாகப் படமெடுத்துப் புகழ்பெற்றவரும் நம் நாட்டில் வாழ்ந்திருக்கிறார். ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1863 இல், தமது நாற்பத்தெட்டாம் வயதில், முதன்முதலிற் கமராவைக் கையிலெடுத்தார். 1875 இல் கணவருடன் இலங்கைக்கு வந்து களுத்துறையில் வாழ்ந்து, 1879 இல் இங்கேயே மறைந்தார். 15 அங்குலத்துக்கு 12 அங்குலம் அளவான பெரிய கண்ணாடித் தகடுகளில் அவர் எடுத்த முகங்கள் மென்மையான மங்கல் உடையவை. திருகைத் திருப்பிக்கொண்டு வருகையில் தம் கண்ணுக்கு எவ்விடத்தில் அழகாகத் தோன்றிற்றோ அவ்விடத்திலேயே நிறுத்திவிடுவது தம் வழக்கமென்று அவர் எழுதியிருக்கிறார். அம்மையார் அறிந்து நிறுத்தினார். யாம் அறியாது நிறுத்தினோம்.

ஆகவே உருப்பெருக்கியொன்றைத் தேடிப் புறப்பட்டோம். (பூதக்கண்ணாடி என்ற சொல்லைக் கேட்டு மாணவர் சிரிக்கின்றனர். சிறியதைப் பூதாகாரமாய்க் காட்டுவது அவ்வாறு பெயர்பெற்றதில் வியப்பில்லை. எமக்கு அச்சொல்லே பிடித்தமானது.) இப்பணிக்கென்றே ஜெர்மனியிலும் ஜப்பானிலும் செய்யப்பட்டவை மிகச் சிறந்தவை; ஆனால் அவற்றின் விலை ஆசிரியர் ஒருவரின் மாதச் சம்பளத்திற் பெரும்பகுதியை விழுங்கிவிடும். எனவே மலிவானவற்றையே ஆராய்ந்தோம்.

வெள்ளவத்தைப் புத்தகக்கடைகளிற் கிடைக்கும் பிடியுள்ள கண்ணாடி இரண்டு அல்லது இரண்டரை மடங்கே பெரிதாக்கும், அது போதாது. செட்டியார் தெரு நகைக்கடைகளிற் கல்லைச் சோதிக்கும் பத்துமடங்குக் கண்ணாடியைப் பார்த்ததும் ஆசை எழுந்தது. கமராவில் வைத்துப் பார்த்தாலோ விம்பத்தைக் காணோம். தேய்கண்ணாடியின் மணல்போன்ற பரல்களே கண்ணை நிறைத்தன. நான்கு முதல் ஆறு மடங்கு வரையிலுள்ளதே ஏற்றது என்பது எமது முடிபு. துணியின் இழைகளை எண்ணவும் அச்சுக்கூடங்களிற் புள்ளிகளைச் சோதிக்கவும் பயன்படும் மடிப்புக் கண்ணாடி மலிவானது. எனினும் அதன் உயரம் மாறாதது. தகட்டின் தேய்த்த முகம் வில்லையை நோக்கி உட்புறமாக இருப்பதால், கண்ணாடியின் பருமனையுங் கடந்து பார்க்க வேண்டியுளது. அம்மடிப்புக் கண்ணாடியோ தான் நிற்கும் மேற்பரப்பை மட்டுமே தெளிவாகக் காட்டும். கால்களை அரத்தால் தேய்க்கத் துணிந்தவர் அதனை வாங்கலாம். மணிக்கூடு திருத்துவோர் கண்ணிற் செருகிக்கொள்ளும் நான்குமடங்குக் கண்ணாடி அதனினும் நன்று. விளிம்புகளைப் பார்க்கும்போது அதைச் சரித்துப் பிடிக்கலாம். அவ்விடங்களில் ஒளி சாய்ந்து வருமாதலின் இது பெரும் வசதியாகும்.

இறுதியில் யாம் தெரிந்தெடுத்தது இவற்றுள் ஒன்றுமன்று. பழுதடைந்த 35 மில்லிமீற்றர் கமராவொன்றின் 50 மில்லிமீற்றர் வில்லையே அது. 25 சென்றிமீற்றரைக் குவியத்தூரத்தால் வகுத்தால் எத்தனை மடங்கு பெரிதாகும் என்பது வரும், இங்கே ஐந்து. கொழும்பின் ஈரக்காற்றிற் பூஞ்சணம் படிந்த வில்லையைப் படமெடுப்போர் விரும்பார். ஆகையால் அது மிக மலிவாகக் கிடைக்கும். சிறிது பூஞ்சணம் எமது நோக்கத்துக்குத் தடையன்று. துவாரத்தை முற்றாகத் திறந்து, கமராவிற் பொருந்தும் பக்கம் தேய்கண்ணாடியை நோக்கவும் முன்பக்கம் கண்ணை நோக்கவும் பிடித்தல் வேண்டும். அதனைக் கறுப்புத் தாள் ஒட்டிய குழாய்த் துண்டொன்றிற் பொருத்தினோம். ஒளி புகும் கண்ணாடிக் குழாய் கூடாது.

கடைகளில் “இருபது மடங்கு” என்று பொறித்திருப்பதை நம்பவேண்டா. சாதாரண வில்லையாயின் சோதித்தல் எளிது: சுவருக்கு எதிரே பிடித்து, யன்னலுக்கு அப்பால் தொலைவிலுள்ள தென்னை சுவரிற் தெளிவாக விழும் தூரத்தை அளக்குக. 6 சென்றிமீற்றராயின் நான்கு மடங்கு. 10 ஆயின் இரண்டரை. சூரியனை நோக்கிப் பிடித்தல் ஆகாது.

குழாயின் நீளத்தை ஊகத்தால் வெட்டாதீர்கள். தேய்த்த முகத்திற் கூரிய பென்சிலால் மெல்லிய கோடொன்று கீறி, அக்கோடும் பரல்களும் மிகத் தெளியும் உயரத்தைக் கண்டு, அங்கே நிலையாக ஒட்டுக. அதன்பின் விம்பத்தை மட்டும் பார்த்தாற் போதும்.

இப்பொழுது குழுப்படம் எடுக்கும்போது முன்வரிசையில் ஒருவரும் மேல்வரிசையில் ஒருவரும் வீரகேசரித் தாளை விரித்துப் பிடிப்பர். துவாரத்தை முழுதாகத் திறந்து, முன்தாளின் எழுத்துத் தெளியும் இடத்தைக் கமராவின் அடிப்பலகையில் ஒட்டிய அளவுத் தாளிற் குறிப்போம், பின்தாளுக்கும் அவ்வாறே. இரு குறிகளுக்கும் நடுவில் நிறுத்தி, எஃப் 22 வரை துவாரத்தைச் சுருக்குவோம். வெளிச்சங் குறைந்தால் எல்லோரும் ஒரு விநாடி அசையாதிருக்க வேண்டும். மாணவர் முணுமுணுப்பர், யாம் விட்டுக்கொடுப்பதில்லை.

அக்குழாய் இப்பொழுது கமராப் பெட்டியினுள் ஒரு கயிற்றிற் கட்டித் தொங்குகின்றது. பெரிய கமரா வைத்திருக்கும் பழைய மாணவர் எவரும் சனிக்கிழமை காலையில் வந்து தம் தேய்கண்ணாடிக்கு அது பொருந்துமா என்று பார்க்கலாம்; தகட்டையும் உடன் கொண்டுவருக.