ஏரிக்கரையில் இருவரும் ஒன்றாக

நோய் நெடுநாள் தங்கிவிட்ட வீட்டில் பேச்சின் எல்லை மெல்லச் சுருங்கிவிடுகிறது. மாத்திரை போட்டாயிற்றா, சர்க்கரை அளவு எவ்வளவு, அடுத்த பரிசோதனை எந்த நாளில் என்பவற்றைத் தாண்டி வேறு பேச்சு எழுவதில்லை. நோயாளி தம் உடலையே கவனித்துக்கொண்டிருக்கிறார். உடனிருப்பவர் நோயாளியின் முகத்தையே கவனித்துக்கொண்டிருக்கிறார். இருவரும் களைத்துப் போகின்றனர். உடனிருப்பவரின் களைப்பைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

இத்தகைய குடும்பங்களுக்கு ஓர் எளிய பழக்கத்தைப் பரிந்துரைக்க விரும்புகிறோம். இயற்கை ஆர்வலர் குழுவோடு சேர்ந்து பறவைகளைக் காணச் செல்லும் காலை நடையே அது. நோயை அது குணப்படுத்தும் என்று நாங்கள் சொல்லவில்லை. நோயாளியும் உடனிருப்பவரும் ஒருவரையொருவர் கண்காணிப்பதை விட்டு, ஒரே மரக்கிளையைச் சேர்ந்து பார்ப்பதற்கு இரண்டு மணி நேரத்தை அது தருகிறது. எங்கள் கருத்தில் அதன் முதற்பயன் இதுவே.

காஞ்சிபுரத்தில் வாழும் நமக்கு இதற்கான இடம் தொலைவில் இல்லை. 2019 வரை நம் மாவட்டத்திலேயே இருந்து, இப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் அமைந்துள்ள வேடந்தாங்கல், இந்தியாவின் மிகப் பழைய பறவைகள் சரணாலயங்களுள் ஒன்று. ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள சிறிய ஏரி அது. பறவைகளைச் சுட வந்தவர்களைத் தடுக்க வேண்டி ஊர்மக்கள் முறையிட்டு, 1798இல் அன்றைய ஆட்சியாளரிடம் பாதுகாப்பு ஆணை பெற்றனர். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. இதில் அவர்களுக்கு நன்மையும் இருந்தது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகிறது என்பதை உழவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். வேடந்தாங்கலும் அதனருகே உள்ள கரிக்கிலியும் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன.

மழை நன்கு பெய்த ஆண்டுகளில் நவம்பர் முதல் மார்ச் வரை ஏரியின் நடுவேயுள்ள மரங்கள் கூடுகளால் நிறைந்திருக்கும். மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, வெள்ளை அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம் ஆகியவற்றைக் கரையில் நின்றபடியே காணலாம். ஊசிவால் வாத்து போன்ற சில பறவைகள் வடக்கே பல்லாயிரம் கிலோமீட்டர் தொலைவிலிருந்து வருபவை. நத்தைகுத்தி நாரையின் அலகுகள் நடுவில் ஒன்றையொன்று தொடுவதில்லை. அந்த இடைவெளி அது நத்தையைக் கையாள உதவுகிறது. கூட்டில் தாயும் தந்தையும் முறைவைத்து அடைகாக்கின்றன. வெயில் ஏறும்போது சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தருகின்றன. ஒன்று இரைதேடப் போகையில் மற்றொன்று காவலிருக்கும். குடும்பத்தில் ஒருவரே இரவுபகலாக நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளை எண்ணும்போது, இந்த முறைவைப்பு எங்களுக்கு நினைவுக்கு வருகிறது.

குழுவோடு செல்வதற்குக் காரணம் உண்டு. தனியே நடக்கும்போது கால் முன்னே போனாலும் மனம் மருத்துவ அறிக்கையைத்தான் சுற்றிவரும். அனுபவமுள்ள ஒருவர் உடன்வந்து, “அந்த இரண்டாம் கிளையின் இடப்பக்கம் பாருங்கள்” என்று சுட்டும்போது கவனம் வெளியே திரும்புகிறது. பறவை நடையில் வேகத்துக்கு இடமில்லை. நின்று நின்று செல்வதே அதன் இயல்பு. ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோமீட்டரைக் கூடக் கடக்காத நடைகள் உண்டு. ஆகவே அறுவை சிகிச்சைக்குப் பின் தேறிவருபவர், தம்மால் பிறருக்குத் தாமதம் என்று கூச்சப்பட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் இத்தகைய குழுக்கள் புதியனவும் அல்ல. சென்னையின் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி 1978இல் தொடங்கப்பட்டது.

மருத்துவ ஆய்வுகளும் இதைப் பற்றிப் பேசியிருக்கின்றன. ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கல் சுவரைக் கண்டவர்களைவிடச் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினர். அவர்களுக்கு வலுவான வலிநிவாரணிகளும் குறைவாகவே தேவைப்பட்டன. 2022இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியினர் 1,292 பேரிடம் நடத்திய ஆய்வில், பறவைகளைக் காண்பதும் கேட்பதும் மனநலத்துக்கு நன்மை தருவதாகவும், அந்த நன்மை எட்டு மணி நேரம் வரை நீடிப்பதாகவும் தெரிந்தது. மனச்சோர்வு நோய் உள்ளவர்களிடமும் இது காணப்பட்டது. ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளில் 2018 முதல், வழக்கமான சிகிச்சையோடு சேர்த்து, பறவை காணல் உள்ளிட்ட இயற்கை நடைகளையும் மருத்துவர்கள் பரிந்துரைத்து வருகின்றனர். இவை எதுவும் மருந்தை நிறுத்துவதற்கான காரணம் ஆகாது.

நம் ஊருக்கே உரிய ஒரு பயனும் உண்டு. குழித்தறியில் அமர்ந்து முதுகு வளைத்து, கையெட்டும் தொலைவிலுள்ள இழைகளையே நாள்முழுதும் உற்றுநோக்கும் நெசவாளரின் கண்கள், தொலைவில் நோக்கும்போது இளைப்பாறுகின்றன. புடவைக் கரையில் மயிலையும் அன்னத்தையும் கிளியையும் நெய்து பழகிய அந்தக் கண்கள் சிறகின் நிறத்தையும் கழுத்தின் வளைவையும் விரைவில் இனங்காணும். கழுத்துவலியோ தலைசுற்றலோ உள்ளவர்கள் உயர்ந்த மரங்களை அண்ணாந்து பார்ப்பதைவிட, ஏரியின் நீர்ப்பரப்பை நேராக நோக்குவது நல்லது.

புறப்படுமுன் சிலவற்றைக் கவனியுங்கள். முதலில் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் உணவுண்ட பின்னரே புறப்பட வேண்டும். சர்க்கரையோ மிட்டாயோ கையில் இருக்கட்டும். முன்புறம் மூடிய காலணி அணியுங்கள். அணியுமுன் உள்ளே கல், முள் உள்ளனவா என்று பாருங்கள். இதய நோயாளிகள் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தைத் தாண்டக் கூடாது. நெஞ்சு வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே நின்று உடன்வருவோரிடம் சொல்லுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலர் இல்லாமல் மார்கழிப் பனியில் இறங்க வேண்டாம். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், அன்று அதை எப்போது போடலாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கழிப்பறை எங்குள்ளது என்றும் நடையை நடத்துபவரிடம் விசாரியுங்கள்.

புற்றுநோய்க்கான கீமோதெரபி பெறுவோரும் உறுப்புமாற்றுச் சிகிச்சை செய்துகொண்டோரும் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். உலர்ந்த பறவை எச்சத்தின் தூசியில் நோய்க்கிருமிகள் இருக்கக் கூடும். கூடுகள் நிறைந்த மரத்தடியில் நிற்காதீர்கள். உதிர்ந்த இறகுகளை எடுக்காதீர்கள். திரும்பியதும் சோப்பால் கை கழுவுங்கள். வீட்டுச் சன்னலிலுள்ள புறா எச்சத்தை நோயாளி துடைக்கக் கூடாது. வேறொருவர் நீர் தெளித்து நனைத்த பின் அகற்றட்டும்.

வெளியே செல்ல இயலாதவர்களை நாங்கள் மறக்கவில்லை. மொட்டைமாடியிலோ சன்னலோரத்திலோ பதினைந்து நிமிடம் அமர்ந்தாலே மைனா, மணிப்புறா, கிளி, கரிச்சான், செம்போத்து ஆகியவற்றுள் சிலவற்றைக் காணலாம். மாலையில் கோபுரங்களைச் சுற்றி உழவாரன் குருவிகள் வட்டமிடும். பார்த்தவற்றை ஒரு குறிப்பேட்டில் நாளிட்டு எழுதுங்கள். நோயாளி பெயர்களைச் சொல்ல, உடனிருப்பவர் எழுதலாம், மறுநாள் மாற்றிக்கொள்ளலாம்.

அந்தக் குறிப்பேட்டுக்கு வீட்டுக்கு வெளியேயும் மதிப்புண்டு. 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பை நடத்தி வருகின்றனர். ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் கவனித்து, கண்ட பறவைகளை இ-பேர்ட் இணையதளத்தில் பதிந்தால் போதும். வீட்டிலிருந்தபடியே இதில் கலந்துகொள்ளலாம். படுக்கையில் இருப்பவர் எண்ணிய நான்கு மைனாக்களும் அந்தக் கணக்கில் சேரும். எப்போதும் பிறர் உதவியைப் பெறுபவராகவே இருந்து மனம் சலித்த ஒருவருக்கு, தாமும் ஒன்றைத் தந்தோம் என்ற நிறைவு சிறியதன்று.

அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது இரண்டு கேள்விகளை எழுதி வாருங்கள். “நான் எவ்வளவு தொலைவு நடக்கலாம்?” என்று நோயாளி கேட்கட்டும். “நான் எப்போது ஓய்வெடுப்பது?” என்று உடனிருப்பவர் கேட்கட்டும். இரண்டாம் கேள்வியையும் நாங்கள் மருத்துவக் கேள்வியாகவே கருதுகிறோம்.