குதிரைக்கும் லீவு உண்டு!

என் கணவரின் வேலை காரணமாக நாங்கள் மும்பையை அடுத்த தானேயில் குடியேறி ஆறு வருஷம் ஆகிறது. எங்கள் அடுத்த ஃப்ளாட்டில் இருப்பது ஒரு யூதக் குடும்பம். "யூதர்களா, இங்கேயா?" என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் ஆச்சரியப்படுவார்கள். இவர்கள் பல தலைமுறைகளாகக் கொங்கணக் கடற்கரைப் பக்கம் வாழ்ந்து வரும் 'பெனே இஸ்ரேல்' சமூகத்தினர். வீட்டில் பேசுவது மராத்திதான். 1879-ல் கட்டிய அவர்களுடைய ஜெப ஆலயம் தானேயில் இன்றும் இருக்கிறது.

அந்த வீட்டில் நான்கு வயசில் ஒரு வாண்டு இருக்கிறாள். என்னை 'மாவுஷி' என்று கூப்பிடுவாள். நம் சித்தி, பெரியம்மா மாதிரி. இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு அவள்தான் உயிர்த்தோழி. அந்த வாண்டுவிடம் ஒரு குதிரை இருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாது. அவள் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்!

குதிரை வந்த கதை சுவாரஸ்யமானது. அலிபாக் அருகே கண்டாலா என்று ஒரு கிராமம் இருக்கிறது (மலைவாசஸ்தலம் கண்டாலா வேறு). அங்குள்ள பாறையில் இருக்கும் தடங்களை எலியா தீர்க்கதரிசி வானத்துக்குப் போன தேரின் தடம் என்று இவர்கள் நம்புகிறார்கள். பாட்டி பேத்தியை அங்கே அழைத்துப் போயிருக்கிறார். திரும்பி வரும்போது, "தேர்க் குதிரை ஒண்ணு பாவம், வழி தெரியாம நின்னுச்சு. கூட்டிட்டு வந்துட்டேன்" என்றாளாம். அன்று முதல் குதிரை அவர்கள் வீட்டில்தான்.

அவர்களுக்கு வெள்ளி சூரிய அஸ்தமனம் முதல் சனி இரவு வரை ஓய்வு நாள். அடுப்புப் பற்ற வைக்க மாட்டார்கள், எழுத மாட்டார்கள். லிஃப்ட் இருந்தும் மூன்று மாடி ஏறித்தான் வருவார்கள். சாப்பாடெல்லாம் வெள்ளிக்கிழமையே தயாராகிவிடும்.

எனக்கோ சனிக்கிழமை என்றாலே வேலை இரட்டிப்பு. கணவரும் மகளும் வீட்டில் இருப்பார்கள். காலையில் பூரி, மத்தியானம் விருந்துச் சமையல், சாயங்காலம் ஏதாவது பலகாரம். அந்த வாரம் எனக்கு இடுப்பு வலி வேறு. "கொஞ்சம் ரெஸ்ட் எடுங்கம்மா" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். மாத்திரையைச் சாப்பிட்டேன், ரெஸ்ட்டைத்தான் எங்கே எடுப்பது என்று தெரியவில்லை!

அந்தச் சனிக்கிழமை ஜெப ஆலயத்திலிருந்து திரும்பியதும் வாண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். என் மகள், "வாடி, குதிரை மேல ரவுண்டு போகலாம்" என்றாள்.

"இன்னிக்கு முடியாது. அவனுக்கு லீவு. சோபாவுக்கு அடியில படுத்திருக்கான்."

சரி, படம் வரையலாம் என்று இவள் கிரேயானை எடுத்தால், அதுவும் கூடாதாம். பொழுது எப்படிப் போகும், என்னைத்தான் பிய்த்து எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வீட்டிலிருந்த தலையணையெல்லாம் சேர்ந்து லாயம் ஆயிற்று. குதிரைக்குக் காலி டம்ளரில் மலிதா ஊட்டினார்கள். மலிதா என்பது அவலில் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் பழங்களும் கலந்து எலியாவின் பெயரால் அவர்கள் செய்வது. ஏறக்குறைய நம் இனிப்பு அவல்தான். டி.வி.யும் போடவில்லை, போனையும் கேட்கவில்லை. மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை.

நாலு மணிக்கு நான் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன். சமையலறை வாசலில் நின்று ரொம்ப நேரம் பார்த்தவள், "மாவுஷி, உன் அடுப்புக்கு எப்போ லீவு?" என்றாள்.

"உன் குதிரைக்கு உண்டு கண்ணு. என் அடுப்புக்கு இல்லை" என்று சிரித்தேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்படின்னா நீயும் வந்து சோபாவுக்கு அடியில படுத்துக்கோ. அவன் இடம் கொடுப்பான்."

ஹாலில் இருந்த என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் எண்ணெய்ச் சட்டி பக்கம் திரும்பியதும் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில், 'வந்து படுத்துக்கோ' என்று என்னிடம் சொன்ன முதல் ஆள், கண்ணுக்குத் தெரியாத குதிரை வைத்திருக்கும் ஒரு நாலு வயசுப் பிள்ளை!

பொழுது சாய்ந்ததும் அவளை விட வீட்டுக்குப் போனேன். வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்தால் ஓய்வு நாள் முடிந்தது என்று கணக்கு. பால்கனியில் நின்று விரல்விட்டு எண்ணினாள். பிறகு உள்ளே பின்னல் போட்ட மெழுகுவர்த்தியை ஏற்றி, வாசனைப் பொருளை எல்லோரும் முகர்ந்து பார்த்தார்கள். அது முடிந்ததுதான் தாமதம், 'டக் டக்' என்று குதிரை வீடு முழுக்க ஓட ஆரம்பித்துவிட்டது!

அவள் அம்மாவிடம் பஜ்ஜிக் கதையைச் சொன்னேன். "வெள்ளிக்கிழமை எனக்கும் இடுப்பு ஒடியும். ஆனா சனிக்கிழமை யாரும் என்னைச் சூடா ஒரு டீ கேட்க முடியாது" என்றார். பாட்டி சொன்னார்: "எங்க முன்னோர் எண்ணெய்ச் செக்கு ஆட்டினவங்க. சனிக்கிழமை ஆட்ட மாட்டாங்க. அதனால ஊர்ல 'சனிவார் தேலி'ன்னே பேரு, சனிக்கிழமை எண்ணெய்க்காரங்கன்னு. பத்துக் கட்டளையில மாட்டுக்கும் அன்னிக்கு ஓய்வு சொல்லியிருக்கு." குதிரைக்கு ஏன் லீவு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அன்று இரவே கணவரிடம் பேசினேன். சண்டை போடவில்லை. "செக்கு மாட்டுக்குக் கூட ஒரு நாள் உண்டாம். எனக்கு அரை நாள் வேணும்" என்றேன். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு மேல் எங்கள் வீட்டில் இப்போது அடுப்புக்கு லீவு. ராத்திரிக்குக் காலையிலேயே கிளறிய புளியோதரையும் தயிர்சாதமும்தான்.

முதல் வாரம் நாலு மணிக்கு வழக்கம்போல "காபி..." என்று குரல் கொடுத்தார். என் மகள், "உஷ்! அடுப்பு தூங்குதுப்பா" என்றாள். பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார்!

திங்கட்கிழமை கூடுதலாகப் பாத்திரம் சேரத்தான் செய்கிறது. இடுப்பு வலி ஒரேயடியாகப் போய்விடவும் இல்லை. ஆனால் அந்த அரை நாள் என்னுடையது. மகளோடு தரையில் உட்கார்ந்து கதை பேசுகிறேன். அவளும் இப்போது ஒரு யானை வளர்க்கிறாள்!

தோழிகளே, நமக்கு யாரும் லீவு தர மாட்டார்கள். நாமாகக் கேட்டால்தான் உண்டு. உங்கள் வீட்டு அடுப்பையும் வாரத்தில் ஒரு வேளை தூங்க விட்டுப் பாருங்களேன்!

— ஒரு வாசகி, தானே.