ஆளைக் கண்டால் அடங்கிய கார்!

சோதனைக்கூடத்தில் பரம சாது. சாலைக்கு வந்தாலோ ஒரே நச்சுப் புகை!

அமெரிக்காவில் இப்படி இரட்டை வேடம் போட்டது ஒரு மோட்டார் கார். அது பிடிபட்ட கதை ருசிகரமானது.

டீசல் புகையில் நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயு இருக்கிறது. அது நுரையீரலைக் கெடுக்கும். ஆஸ்துமா நோயாளிகளை வாட்டி எடுக்கும். ஆகவே, 1 கிலோ மீட்டர் ஓடினால் 0.043 கிராமுக்கு மேல் அந்த வாயு வரக் கூடாது என்பது அப்போதைய அமெரிக்கச் சட்டம்.

சாலையில் சோதனை

2013–ம் ஆண்டு மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிறு குழு ஒன்று 3 டீசல் கார்களைச் சோதித்தது. குழுவின் தலைவர் டேனியல் கார்டர். அரவிந்த் திருவேங்கடம் என்பவரும் அதில் இருந்தார்.

முதலில் சோதனைக்கூடம். அங்கே காரின் சக்கரங்களை உருளைகள் மீது ஏற்றி ஓட விடுவார்கள். சக்கரம் சுற்றும், கார் நகராது. வோல்க்ஸ்வேகன் கம்பெனியின் ஜெட்டா, பசாட் கார்கள் இரண்டும் இதில் தேறிவிட்டன.

பிறகு புகையை அளக்கும் கருவியைக் காரிலேயே ஏற்றிக்கொண்டு சாலைக்குப் போனார்கள். பசாட் காரை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இருந்து சியாட்டில் வரை ஓட்டினார்கள்.

கருவி காட்டிய கணக்கு திடுக்கிட வைத்தது. சட்டம் அனுமதித்த அளவைப்போல், ஜெட்டாவில் 15 முதல் 35 மடங்கு! பசாட்டில் 5 முதல் 20 மடங்கு!

கருவி மீது பழி போடவும் வழி இல்லை. மூன்றாவது காரான பி.எம்.டபிள்யூ., பெரும்பாலும் அளவுக்குள்ளேயே இருந்தது.

காட்டிக்கொடுத்த ஸ்டீரிங்

மர்மம் என்ன? என்ஜினை ஆட்டிவைப்பது ஒரு சிறிய கம்ப்யூட்டர். வேகம் எவ்வளவு, எவ்வளவு நேரம் ஓடியது, காற்றின் அழுத்தம் என்ன, ஸ்டீரிங் திரும்புகிறதா என்பதை எல்லாம் சென்சார்கள் அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

உருளை மேல் ஓடும் காருக்கு ஸ்டீரிங்கைத் திருப்ப என்ன வேலை? "ஓகோ, சோதனை நடக்கிறது" என்று கம்ப்யூட்டர் தெரிந்துகொள்ளும். உடனே புகையைச் சுத்தம் செய்யும். சாலைக்கு வந்ததும் வேறு கணக்குக்கு மாறிவிடும். இரண்டு கணக்குகளையும் முன்கூட்டியே எழுதிவைத்தவர்கள் மனிதர்கள்தான்!

சுத்தம் செய்வதற்குச் செலவு உண்டு. ஜெட்டாவில் கூடுதல் டீசல் எரியும். பசாட்டில் யூரியா கரைசல் தீரும். அதை மிச்சம் பிடிக்கத்தான் இந்தத் தந்திரம்.

குட்டு வெளிப்பட்டது

2014 மே மாதம் ஆராய்ச்சி முடிவு வெளியானது. "கோளாறைச் சரிசெய்கிறோம்" என்றது கம்பெனி. கலிபோர்னியா அதிகாரிகள் விடவில்லை. சரிசெய்த காரை மறுபடியும் சோதித்தார்கள். புகை அடங்கவில்லை. "2016–ம் ஆண்டு கார்களுக்கு அனுமதி கிடையாது" என்று கிடுக்கிப்பிடி போட்டார்கள். 2015 செப்டம்பரில் கம்பெனி உண்மையைக் கக்கியது. அந்த மாதம் 23–ந் தேதி அதன் தலைவர் மார்ட்டின் வின்டர்கார்ன் பதவி விலகினார்.

உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் இந்தத் தந்திரம் இருந்தது. 2017–ம் ஆண்டு அமெரிக்கக் கோர்ட்டில் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டது. அபராதம் 280 கோடி டாலர்!