உலோகத்தின் பக்கம் முகம் திருப்பும் தண்ணீர்

சிறிது அமிலம் கலந்த தண்ணீரில் இரண்டு பிளாற்றினத் தகடுகளை வைத்து மின்னைச் செலுத்தினால் குமிழிகள் எழும். ஒரு தகட்டில் ஐதரசன், மற்றதில் ஒட்சிசன். ஊரில் விஞ்ஞானம் படித்த பலருக்கும் இது நினைவிருக்கும். ஆனால் குமிழி எழுமுன்பே, தகட்டை ஒட்டியுள்ள தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மாற்றம் நடந்துவிடுகிறது.

தண்ணீர் மூலக்கூறு 104.5 பாகையில் வளைந்தது. ஒட்சிசன் அணு இலத்திரன்களைத் தன் பக்கம் கூடுதலாக இழுத்து வைத்திருப்பதால் அந்தப் பக்கம் சற்று மறையேற்றமும், ஐதரசன் பக்கம் சற்று நேரேற்றமும் பெறுகின்றன. மொத்தத்தில் ஏற்றம் இல்லை. ஆனால் இரண்டு முகங்கள் உண்டு.

பாத்திரத்தின் நடுவில் மூலக்கூறுகள் எல்லாத் திசைகளிலும் புரண்டுகொண்டிருக்கும். உலோகத்தின் அருகே அந்தச் சுதந்திரம் குறைகிறது. தகடு மறையேற்றம் பெற்றால் ஐதரசன் முகம் அதன் பக்கம் சாயும். நேரேற்றம் பெற்றால் ஒட்சிசன் முகம் திரும்பும். 1994இல் வெள்ளி மின்வாய் ஒன்றை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தபோது இந்தத் திருப்பம் பதிவானது. மேற்பரப்பை அடுத்துத் தண்ணீர் மூன்று அடுக்குகள் அளவுக்கு ஒழுங்குபட்டிருந்ததும் தெரிந்தது.

ஒரு வோல்ட் மின்னுக்கு இவ்வளவு வலிமையா? அந்த ஒரு வோல்ட் ஏறத்தாழ ஒரு நனோமீற்றர் தடிப்புக்குள் இறங்குகிறது என்று வைத்தால், மீற்றருக்கு நூறு கோடி வோல்ட் ஆகிறது. காற்றில் மின்பொறி பறக்க மீற்றருக்குச் சுமார் 30 இலட்சம் வோல்ட் போதும். உலோகத்தின் ஏற்றமும் அதற்கு எதிரே திரளும் அயன்களும் சேர்ந்த இந்த மெல்லிய பகுதியே மின் இரட்டைப் படை. 19ஆம் நூற்றாண்டில் ஜேர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை விளக்கத் தொடங்கினார்.

இதனால் நமக்கென்ன? தண்ணீரிலிருந்து ஐதரசன் எரிபொருளைப் பிரிக்கக் கணக்குப்படி 1.23 வோல்ட் வேண்டும். நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே கொடுக்க வேண்டியுள்ளது. அந்த மேலதிகம் உற்பத்திச் செலவை ஏற்றுகிறது. மேற்பரப்பில் மூலக்கூறு எப்படி நிற்கிறது, அதன் பிணைப்பு எவ்வளவு எளிதில் உடைகிறது என்பன இதைத் தீர்மானிப்பவற்றுள் சில. பனிக்காலத்தில் வீதியில் கொட்டும் உப்பு நம் கார்களை அரிப்பதும் உலோகமும் தண்ணீரும் தொடும் இத்தகைய எல்லையில்தான்.

பிள்ளைகள் இவற்றை நோர்வேஜிய மொழியிலோ பிரெஞ்சிலோ படிக்கிறார்கள். பெற்றோரிடம் இலத்திரன், மின்வாய் என்ற சொற்கள் இருக்கின்றன. படிப்பு மேசையில் இரண்டும் சந்தித்தால் பாடமும் விளங்கும், தமிழும் புழங்கும்.