கால் நரம்புச் சுருட்டலும் மூலமும் ஒரே வருத்தமா?

பதுளை வீதி வந்து முடிகிற செங்கலடிச் சந்தியில், நின்றபடியே பிழைப்பு நடத்துகிறவர்கள் பலர். தேத்தண்ணி ஆற்றுகிறவர், முடி வெட்டுகிறவர், கடையில் சாமான் நிறுக்கிறவர் என்று சொல்லிக்கொண்டே போகலாம். சாரத்தை மடித்துக் கட்டினால் சிலருடைய கெண்டைக்காலில் நீல நரம்பு புடைத்து நெளிந்து கிடப்பது தெரியும். அதே ஆளுக்கு மூலமும் இருக்கலாம். ஆனால் அதை அவர் வீட்டுக்காரியிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார். இரண்டும் சேர்ந்து இருக்கிறவர் மனதில் ஒரு கேள்வி கட்டாயம் எழும்: காலில் புடைத்த நரம்புதானே அங்கேயும் புடைத்திருக்கிறது? அவசரமில்லை, தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதலில் காலுக்கு வருவோம். நாம் நரம்பு என்று சொல்லும் அந்த நீலக் குழாயை வைத்தியர்கள் நாளம் என்பார்கள். பாதத்துக்கு வந்த இரத்தத்தைத் திரும்ப இதயத்துக்குக் கொண்டுபோவது அதன் வேலை. நிற்கிற மனிதனில் அது மேல்நோக்கி ஏறவேண்டிய பயணம். ஏற்றிவிடுவது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அது நாளத்தைப் பிழிகிறது, இரத்தம் மேலே போகிறது. போனது திரும்பி இறங்காமல் தடுக்க நாளத்துக்குள்ளே சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. மிளகாய்த் தோட்டத்துக்கு வோட்டர் பம்மில் தண்ணீர் இறைத்தவருக்கு இது உடனே விளங்கும். கிணற்றுக்குள் விடும் குழாயின் அடியில் ஒரு புட்வால்வு இருக்கும். அதில் மண் சிக்கிச் சரியாக மூடாவிட்டால், ஏறிய தண்ணீர் முழுக்கக் கிணற்றுக்கே இறங்கிவிடும். கால் நாளமும் அப்படியான குழாய்தான். ஆனால் அதற்கு வால்வு அடியில் ஒன்று மட்டுமல்ல, வழிநெடுகப் பல.

அசையாமல் நிற்கும்போது கணுக்கால் நாளத்தில் அழுத்தம் ஏறத்தாழ 90 மில்லிமீற்றர் இரசம். நடக்கத் தொடங்கினால் அது 30 அளவுக்கு இறங்கிவிடும். வால்வு பழுதானவருக்கு நடந்தாலும் அந்த அளவுக்கு இறங்காது. மேலேயுள்ள இரத்தத்தின் பாரம் கீழே விழ, தோலுக்கு அடியிலுள்ள நாளம் விரிந்து, நீண்டு, நெளிந்துபோகிறது. இதுதான் வெரிகோஸ் வெயின். எல்லாம் வால்வும் பாரமும் செய்கிற வேலை.

இனி மூலம். எல்லோரும் தடுமாறுகிற இடம் இதுதான். மலவாயில் ஒரு நரம்பு வீங்கிப் புடைத்திருப்பதே மூலம் என்று நாம் நினைக்கிறோம். வைத்தியர்களும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தார்கள். 1975இல் தொம்சன் என்ற பிரித்தானிய சத்திரசிகிச்சை வைத்தியர் அந்தப் பகுதியை நுணுக்கமாக ஆராய்ந்து வேறொன்றைச் சொன்னார். மலவாயின் உட்புறத்தில், பெரும்பாலும் மூன்று இடங்களில், இரத்தம் நிறைந்த மென்மையான மெத்தைகள் இருக்கின்றன. அவை நோய் அல்ல. பிறக்கும்போதே உங்களுக்கும் எனக்கும் இருப்பவை. வாயு எது, மலம் எது என்று பிரித்தறியவும், கசிவில்லாமல் வாய் இறுக மூடவும் அவை உதவுகின்றன.

இந்த மெத்தைகளை உள்ளே இழுத்துப் பிடித்திருக்கும் இழைகள் வயதாலும் ஓயாத முக்கலாலும் தளர்ந்துபோகும்போது, மெத்தை கீழே சரிகிறது. சரிந்த மெத்தை வீங்கி, உரசி, இரத்தம் கசிகிறது. மூலம் என்பது இதுதான். காலில் பழுதானது வால்வு, இங்கே தளர்ந்தது பிடிப்பு. அந்த மெத்தையின் இரத்தத்தை மேலே கொண்டுபோகும் நாளத்தில் பழுதாவதற்கு வால்வே கிடையாது. மூலத்தில் வருவது கருத்த நாள இரத்தமாக இல்லாமல் பளிச்சென்ற சிவப்பாக இருப்பதற்குக் காரணம், சிறு நாடிகள் நேரே அந்த மெத்தைக்குள் இரத்தத்தைக் கொட்டுவதுதான்.

போகிற பாதையும் வேறு. கால் இரத்தம் இடுப்பு வழியாக நேரே இதயத்துக்குப் போகிறது. மெத்தையின் இரத்தத்தில் பெரும்பங்கு முதலில் ஈரலுக்குப் போய், அதன் பிறகே இதயத்துக்குப் போகிறது. ஈரல் சுருங்கிப் பாதை அடைபட்டவர்களுக்கு மலக்குடலில் உண்மையாகவே நாளங்கள் புடைப்பதுண்டு. ஆனால் அது மூலத்திலிருந்து வேறான வருத்தம். அப்படிப்பட்ட நோயாளரிடம் மூலம் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுவதில்லை. மூலம் வெறும் நாளப் புடைப்பாக இருந்தால் அவர்களிடம் அல்லவா அதிகம் இருக்கவேண்டும்?

அப்படியானால் இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவது ஏன்? உகண்டாவில் பல ஆண்டுகள் வேலை செய்த ஐரிஷ் சத்திரசிகிச்சை வைத்தியர் டெனிஸ் பேர்கிற் 1972இல் ஒரு விடை சொன்னார். ஆபிரிக்கக் கிராமங்களில் இரண்டுமே அரிது, மேற்கு நாடுகளில் இரண்டுமே மலிவு. நார்ச்சத்து இல்லாத சாப்பாடு மலத்தை இறுக்குகிறது, இறுகினால் முக்கவேண்டும், முக்கினால் வயிற்று அழுத்தம் மேலேறி மலவாயையும் கால் நாளங்களையும் ஒருசேரத் தாக்குகிறது என்பது அவர் வாதம். அழகான வாதம்தான். பிறகு ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் 18 முதல் 64 வயது வரையான 1566 பேரின் கால்களைச் சோதித்த ஆய்வில் அது அரைகுறையாகத்தான் நின்றது. முக்குகிற ஆண்களிடம் கால் நாளப் புடைப்பு கூடுதலாக இருந்தது. பெண்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. ஆக, முக்கல் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் முழுக் காரணமாகாது.

இரண்டும் ஒன்றாகச் சேர்வதை நாம் தெளிவாகக் காண்பது பிள்ளைத்தாய்ச்சிகளிடம். உடம்பில் இரத்தத்தின் அளவு கூடுகிறது. ஹோர்மோன் நாளச் சுவரைத் தளர்த்துகிறது. வளரும் கருப்பை இடுப்பு நாளங்களை அமுக்குகிறது. அதோடு குடலும் மந்தமாகிறது, கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையும் சிலருக்கு மலத்தை இறுக்குகிறது. காலும் மலவாயும் ஒரே நேரத்தில் அடி வாங்குகின்றன. பிள்ளை பிறந்த பிறகு இரண்டும் பெரும்பாலும் தணிந்துவிடும். மலச்சிக்கல் என்று மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், வழி சொல்வார். பிள்ளைப்பேறு தவிர, உடற்பருமனும் பரம்பரையும் இரண்டு வருத்தத்துக்கும் பொதுவான காரணங்கள். சில பெண்களுக்கு இடுப்புக்குள்ளிருக்கும் நாளங்களின் வால்வு பழுதாகி, அங்கிருந்தே காலுக்கும் மலவாய்க்கும் அழுத்தம் இறங்குவதும் உண்டு. அது ஸ்கானில்தான் தெரியும்.

ஆகவே இவை ஒரே வருத்தமல்ல. சில காரணங்களைப் பங்குபோட்டுக்கொள்ளும் இரண்டு வருத்தங்கள். கால் நரம்புக்குச் சிகிச்சை செய்தால் மூலம் தானாக மாறிவிடாது. மூலத்துக்கு ரப்பர் வளையம் போட்டால் காலும் சுகப்படாது. ஆனால் தடுக்கிற வழி ஓரளவு பொது: தவிடு நீக்காத சிவப்பரிசி, குரக்கன், கீரை, போதிய தண்ணீர், வெளிக்குப் போகும் உணர்வை அடக்காமை, மலகூடத்தில் போனோடு குந்தியிருக்காமை, நின்று வேலை செய்கிறவர் இடையிடையே நடந்து குதிக்காலை உயர்த்தித் தாழ்த்துவது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மலத்தோடு இரத்தம் வந்தால் மூலம்தானே என்று நாமே முடிவு கட்டக்கூடாது. குடல் புற்றுநோயும் அப்படித்தான் தொடங்கலாம். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி நொந்தால் அது ஆழ்நாளத்தில் இரத்தம் உறைந்ததாக இருக்கலாம். முதலாவதற்கு வெட்கத்தை விட்டுவிட்டுக் கிளினிக்குக்குப் போங்கள். இரண்டாவதற்கு அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.