டார்ஜிலிங் கம்பளங்கள்

1959-ஆம் வருஷம் தலாய் லாமாவைப் பின்தொடர்ந்து, இமயத்தின் பனிக் கணவாய்களைக் கடந்து பாரதம் வந்து சேர்ந்த திபெத்திய அகதிகளுக்கென, அவ்வாண்டே அக்டோபர் 2-ஆம் தேதி டார்ஜிலிங்கில் ஸ்தாபிக்கப்பட்ட சுயஉதவி மையத்தில், பிறர் தயவை எதிர்பாராது கைத்திறனையே ஜீவாதாரமாகக் கொண்டு கம்பளம் நெய்யும் வழக்கம் வேரூன்றியது. தறியின் குறுக்கே வைத்த கோலின்மீது கம்பளி நூலைச் சுற்றிச் சுற்றி முடிச்சிட்டு, ஒரு வரிசை முடிந்ததும் கத்தியால் அறுத்துக் கோலை விடுவிக்கும் அந்தப் புராதன முறை அசாத்தியப் பொறுமையை வேண்டுவது. யந்திரச் சரக்கின் விலையோடு இக்கம்பளத்தின் விலையை ஒப்பிடுவது நியாயமே அன்று. ஆகையால், திபெத்தியக் கம்பளம் வாங்க விரும்பும் நேயர்கள், நெய்தவர் யார், கூலி அவரைச் சேருகிறதா என்று விசாரித்து, பேரம் பேசாது வாங்குமாறு வேண்டுகிறோம்.